எவ்வளவு வேண்டுமானாலும்

சென்ற மாதம் ஈப்போவில் ஒரு கூட்டத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாத இடம். மேடையில் சத்துணவுத் துறை இளைஞர் ஒருவர் படம் போட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். தேயிலையில் இருக்கும் சத்து, தக்காளியில் இருக்கும் சத்து, மஞ்சளில் இருக்கும் சத்து என்று வாயில் நுழையாத பெயர்களாக அடுக்கினார். இவை வைட்டமின்கள் இல்லை, ஆனாலும் உடம்புக்கு நல்லவை, இவற்றுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு வகுக்கும் காலம் வந்துவிட்டது என்றார். எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி கையைத் தூக்கி, "அப்போ நாங்க எவ்வளவு சாப்பிடணும்?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை புன்னகையோடு, "காய்கறிதானே அக்கா, எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்" என்றது. அப்போதுதான் சிரித்தேன்.

தேநீர் நேரத்தில் அவர் என்னைத் தேடி வந்தார். "ஆன்ட்டி, நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?" என்றார். முகம் சின்னதாகிப் போயிருந்தது. "இல்ல தம்பி, நான் ஒருவாட்டி சொன்னதையே நீங்களும் சொன்னீங்க. அதான் சிரிச்சேன்" என்றேன். அவருக்கு அது விளங்கியிருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பேராக்கில் ரப்பர்த் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிய சத்துணவு உதவியாளர்களில் நானும் ஒருத்தி. தோட்டத்து மக்களுக்கு நாங்கள் எல்லோருமே 'மிஸ்ஸி'தான். ஊசி போடுகிறவளும் மிஸ்ஸி, பிரசவம் பார்க்கிறவளும் மிஸ்ஸி, ஒன்றும் செய்யாமல் நேற்று என்ன குழம்பு என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிற நானும் மிஸ்ஸி. கான்வென்ட் படிப்பு, கோலாலம்பூரில் பயிற்சி, கையில் சான்றிதழ், தலையில் கர்வம் என்று ஈப்போ அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவு போதும். உண்மையில் நான் வேலை கற்றது மிஸ்டர் தம்பையாவிடம்தான்.

மிஸ்டர் தம்பையா யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி கிடையாது. சட்டைப் பையில் ஒரு பென்சில் இருக்கும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். எங்கள் அறிக்கைகளில் 'நிறைய', 'குறைவாக', 'அடிக்கடி', 'ஓரளவு' என்ற சொற்கள் எங்கே கண்ணில் பட்டாலும் சிவப்பால் அடிப்பார். அந்த இடத்தில் எண் கிடைத்தால் நீலத்தால் எழுதுவார். எண் கிடைக்காவிட்டால் எங்களைக் கூப்பிடுவார்.

"பிள்ளை, கனக்க எண்டு எழுதியிருக்கிறீர். கனக்க எண்டால் எவ்வளவு?"

இந்தக் கேள்வியை அவர் வேலையோடு நிறுத்திக்கொண்டதில்லை. காய்ச்சல் அதிகம், இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "அதிகம் எண்டால் எத்தினை டிகிரி?" என்றார். என் திருமணப் பத்திரிகையை நீட்டி, நிறையப் பேர் வருவார்கள், நீங்களும் அவசியம் வர வேண்டும் என்றேன். பத்திரிகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். எனக்கே புரிந்துவிட்டது. "நானூறு பேர் சார்" என்றேன். "அப்ப வாறன்" என்றார்.

அந்தக் காலத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த வேலை கரோட்டின். கேரட்டுக்கும் பூசணிக்கும் பப்பாளிக்கும் மஞ்சள் நிறம் கொடுப்பது அதுதான். கீரையிலும் உண்டு, பச்சைக்குள் ஒளிந்திருக்கும். உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பங்கு வைட்டமின் ஏ ஆகிக் கண்ணைக் காக்கும். முட்டையும் பாலும் எட்டாத வீடுகளில் பிள்ளைகளின் பார்வையைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி. ஆகவே தோட்டத்துக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கீரை, எவ்வளவு மஞ்சள் காய் என்று ஒரு பரிந்துரைத் தாள் தயாரிக்க வேண்டும். ஒரே ஒரு தாள். அதற்கு எங்களுக்கு மூன்று வருடம் பிடித்தது.

முதலில், மக்கள் இப்போது என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். பால்மரம் வெட்டிவிட்டு அவர்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பி, குளித்துச் சாப்பிட்டு முடிக்கிற நேரமாகப் பார்த்துப் போவோம். நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்போம். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்.

"என்னத்த மிஸ்ஸி, சோறுதான்."

"சோத்துக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மிஸ்ஸி."

நானும் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொண்டு வந்தேன். மிஸ்டர் தம்பையா ஒன்றுமில்லை என்பதையும் சிவப்பால் அடித்தார். "ஒண்டுமில்லாமல் சோறு இறங்குமோ? திரும்பப் போய்ச் சட்டியைப் பாரும்" என்றார். போய்ப் பார்த்தேன். சட்டியில் கீரை இருந்தது. முருங்கை, பொன்னாங்கண்ணி, சாயூர் மானிஸ் என்று வேலி ஓரத்தில் பறித்தது. காசு கொடுத்து வாங்கவில்லை, அதனால் அவர்கள் கணக்கில் அது உணவே இல்லை. விருந்தாளிக்குச் சொல்லக்கூட வெட்கப்படுகிற பண்டம். அதன்பிறகு நாங்கள் கேள்வியையே மாற்றினோம். "நேத்து வேலி ஓரமா என்ன பறிச்சீங்க?" என்று கேட்டால் பெண்கள் மடமடவென்று ஒப்பித்தார்கள்.

அடுத்தது அளவு. "ஒரு பிடி கீரை" என்பார்கள். யாருடைய பிடி? ஒவ்வொரு லயத்திலும் பெண்களை வரிசையாக நிற்கவைத்து, தலைக்கு மூன்று முறை கீரையை அள்ளச் சொல்லி, ஒவ்வொரு பிடியையும் தராசில் போட்டோம். கவர்மெண்டு சம்பளம் கொடுத்து அனுப்பிய ஆட்கள் கீரைப் பிடியை நிறுக்கிறார்களே என்று அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தியின் பிடி இன்னொருத்தியின் பிடியைப்போல இரண்டு மடங்கு இருந்தது. கடைசியில் பிடியைக் கைவிட்டுப் பால் டின்னைப் பிடித்தோம். கெட்டிப்பால் டின் இல்லாத வீடு பேராக்கில் கிடையாது. அரிசி அளப்பதும் அதில்தான். வேகவைத்த கீரையை அதில் அழுத்தி நிரப்பி, நிறுத்து, எத்தனை டின் என்று எழுதினோம்.

தாளின் நகலில் நான்கு கட்டங்கள் இருந்தன. காய், சமைக்கும் முறை, குறைந்த அளவு, மிஞ்சக் கூடாத அளவு. முதல் மூன்றும் ஏறக்குறைய நிரம்பிவிட்டன. நான்காவது மட்டும் காலியாகக் கிடந்தது.

"சார், காய்கறிய யாரு மிஞ்சிச் சாப்பிடப் போறா? அதை எடுத்துரலாமே" என்றேன்.

"தெரியாதெண்டால் வெறுமையா விடும். இல்லையெண்டு எழுதாதையும்" என்று சொல்லி அந்தக் கட்டத்தில் நீலத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். கிழவருக்கு வேறு வேலையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தாள் முடியும் முன்பே நான் தோட்டங்களில் பேச ஆரம்பித்துவிட்டேன். எனக்குப் பேசுவதென்றால் ஆசை. தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகையில் பெண்களை உட்காரவைத்து, ஒரு பூசணிக்கீற்றையும் கேரட்டையும் தூக்கிக் காட்டினேன். "கலர் உள்ள காயா பார்த்து சாப்பிடுங்க. இந்தக் கலர்லதான் சத்தே இருக்கு" என்றேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். முனியம்மா என்று பெயர். பக்கத்தில் அவர் மகள் வசந்தா, பத்தொன்பது வயதுப் பெண், பால்மரம் வெட்டுகிறவள். களையான முகம், நல்ல கறுப்பு.

"எவ்வளவு சாப்பிடணும் மிஸ்ஸி?"

"காய்கறிதானேம்மா, எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"சாப்பிட்டா கலர் வந்துரும்லா?"

உடம்பில் தெம்பு வரும், முகத்தில் தெளிவு வரும் என்பதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "கண்டிப்பா வரும்மா" என்றேன். முனியம்மா மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். தமிழ் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கும் தாய் 'கலர்' என்று கேட்டால் எதைக் கேட்கிறாள் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மூன்றரை மாதம் கழித்து முனியம்மா மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஈப்போவுக்கே வந்துவிட்டார். வசந்தா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். எடுக்கச் சொன்னதும் எடுத்தாள். உள்ளங்கை இரண்டும் மஞ்சளில் தோய்த்ததுபோல இருந்தன. மூக்கின் இரண்டு பக்கமும், உள்ளங்காலும் அதே நிறம்.

முனியம்மா சொல்லி அழுதது இதுதான். வசந்தாவுக்குக் காம்பாரில் ஒரு மாப்பிள்ளை. கோபால் என்று பெயர், மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை. பரிசம் போட்டு, ஆவணியில் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. நிச்சயத்துக்கு முந்தி பையனின் சின்னம்மா, பெண் கொஞ்சம் கறுப்பு என்று வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். அதை மனதில் வைத்துத்தான் முனியம்மா என்னிடம் கலர் வருமா என்று கேட்டிருக்கிறார். அவர் மூத்த மகன் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி இறக்கும் லாரியில் வேலை. உடைந்த கேரட் சும்மாவே மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வந்தது. பிறகென்ன! நிறம் மாற ஆரம்பித்ததும் வீட்டில் கொண்டாட்டம். கலர் வருகிறது என்று இன்னும் இரண்டு கேரட்டைக் கூட்டியிருக்கிறார்கள். ஆடியில் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுக் காமாலை என்று பயந்து, கல்யாணத்தை நிறுத்திவைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். காமாலை என்றதும் இவர்கள் கீழாநெல்லி கொடுத்து, உப்பைக் குறைத்து, உடம்பு தேறட்டும் என்று பப்பாளியையும் சேர்த்திருக்கிறார்கள். மஞ்சள் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

மிஸ்டர் தம்பையா வசந்தாவை ஜன்னலோரம் நிற்கவைத்தார். கீழிமையை இழுத்து விழியைப் பார்த்தார். விழி வெள்ளைவெளேரென்று இருந்தது. காமாலை என்றால் முதலில் மஞ்சளாவது அதுதான்.

"பிள்ளை, ஒரு நாளைக்கு எவ்வளவு கேரட் சாப்பிட்டனீர்?"

"ஒரு கட்டிக்கு மேல சார்" என்றாள் வசந்தா. கட்டி என்பது அன்றைய பாசார் எடை, அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கூட.

"ஆர் சொன்னது இப்பிடிச் சாப்பிடச் சொல்லி?"

முனியம்மா கண்ணீரோடு என்னைக் காட்டினார். "இந்த மிஸ்ஸிதான் சார். எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடு, கலர் வரும்னாங்க. வந்துருச்சு சார்."

என் முகம் எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை. வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஒரு பெண்ணின் கல்யாணத்தை என் வாய் கெடுத்துவிட்டதே! மிஸ்டர் தம்பையா என்னைத் திட்டவில்லை. மேசையிலிருந்து தாளின் நகலை எடுத்து, நான்காவது கட்டத்தில் இருந்த கேள்விக்குறியின்மேல் பென்சிலை வைத்துத் தட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரி டாக்டரிடம் அனுப்பி இரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஈரலில் கோளாறு ஏதும் இல்லை. கேரட்டின் நிறம்தான் தோலில் ஏறியிருக்கிறது, நிறுத்தினால் தானாக இறங்கிவிடும் என்றார் டாக்டர். "எவ்வளவு நாளைக்குள்ள சார்?" என்று முனியம்மா மிஸ்டர் தம்பையாவைக் கேட்டார். "தெரியேல்லை அம்மா" என்றார் அவர். அவர் வாயிலிருந்து எண் வராத ஒரு பதிலை அன்றுதான் முதலில் கேட்டேன்.

இரத்தப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் காம்பாருக்குப் போனோம். கோபாலின் சின்னம்மா தனத்தக்கா வாசலிலேயே நாற்காலி போட்டார். மிஸ்டர் தம்பையா காகிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்து விளக்கினார். தனத்தக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் குனிந்து, "மிஸ்ஸி, ஐயா மலையாளமா?" என்றார். நான் மறுபடி நம் தமிழில் சொன்னேன்.

அவர் வில்லி இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். "எங்க அக்கா, இவனப் பெத்த அம்மா, இதே மாதிரி மஞ்சளாகித்தான் மிஸ்ஸி போனா. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒண்ணுமில்லன்னாரு. மாசம் மூணு, ஆளு இல்ல. இவனை அஞ்சு வயசுல இருந்து நான்தான் தூக்கி வளர்த்தேன். காகிதத்த நம்பி இன்னொருவாட்டி நான் ஏமாற மாட்டேன்" என்றார். கோபால் வாசற்படியில் நின்றுகொண்டு, "எனக்கு அந்தப் பொண்ணுதான் சின்னம்மா, எந்தக் கலர்ல இருந்தாலும்" என்று மெதுவாகச் சொன்னான். "நீ சும்மா இருடா" என்று அவனை அடக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"கேரட் தின்னா மனுசன் மஞ்சளாவானா? அப்போ நீங்களே தின்னு காட்டுங்களேன் லா!"

எகத்தாளமாகத்தான் சொன்னார். ஆனால் மிஸ்டர் தம்பையாவுக்கு எகத்தாளம் என்பது தெரியவே தெரியாது.

"அது நல்ல முறை" என்றார். "எவ்வளவு காலம் தருவீங்கள்?"

தனத்தக்கா திகைத்துப்போய், "தீபாவளி வரைக்கும்" என்றார். வசந்தாவின் கை தெளிய வேண்டும், மிஸ்ஸியின் கை மஞ்சளாக வேண்டும், இரண்டும் நடந்தால் கல்யாணம், இல்லையென்றால் பரிசப் புடவை திரும்பி வரட்டும் என்று முடிவானது. தின்னப்போவது நான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொன்னவள் நான்தானே.

திரும்பி வரும்போது மிஸ்டர் தம்பையா ஈப்போவில் ஒரு சீனர் சாயக்கடையில் இறங்கி, சுவருக்கு அடிக்கும் சாயங்களின் மாதிரி அட்டை ஒன்றை வாங்கினார். அதில் மஞ்சள் வகைகள் சின்னச் சின்னக் கட்டங்களாக வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை இருந்தன. நீலப் பென்சிலால் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டார். வாரம் ஒருமுறை, அவர் பேச்சில் கிழமைக்கு ஒருமுறை, காலை பத்து மணிக்கு, வெயில் நேரே படாத ஜன்னலோரத்தில், கையைக் கழுவித் துடைத்தபின் உள்ளங்கையை அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே பார்த்து எண்ணை எழுத வேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. வசந்தா ஏழில் ஆரம்பித்தாள். நான் ஒன்றில்.

அன்றிலிருந்து தினம் ஒரு கட்டி கேரட். காலையில் கடித்தேன், மதியம் கடித்தேன், பஸ்ஸில் போகும்போதும் பையிலிருந்து எடுத்துக் கடித்தேன். ரயில்வேயில் வேலை செய்த என் வீட்டுக்காரர், "கட்டிக்கிட்டு வந்தப்ப பொம்பளையாத்தான் இருந்துச்சு, இப்ப வீட்டுல முயல் வளர்க்கிறேன்" என்று நாங்கள் குடியிருந்த புந்தோங் முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் என்னைக் கண்டால் காதின்மேல் இரண்டு விரலை வைத்து ஆட்டினார்கள்.

வாரா வாரம் தாப்பா பஸ் ஏறி வசந்தாவின் கையைப் பார்த்தேன். ஏழு, ஏழு, ஆறு, ஆறு. ஐந்தாவது வாரம் ஐந்து. அவளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் என் கை? ஐந்து வாரமும் ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. நான் மஞ்சளாகாவிட்டால் அது வியாதிதான் என்று தனத்தக்கா முடிவு கட்டிவிடுவார். அதைவிட மோசம், அவர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? டாக்டருக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று அந்தப் பெண்ணுக்கு இருந்துவிட்டால்? இரண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்லை.

ஆறாவது வாரம் முனியம்மா வீட்டில் உட்கார்ந்து, பையிலிருந்து அன்றைய கேரட்டை எடுத்துக் கடித்தேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"பச்சையாவா திங்கிறீங்க மிஸ்ஸி?"

"பின்ன எப்படி?"

"ஐயோ! அதான் ஏறல. வசந்தாவுக்கு நான் நல்லா துருவி, எண்ணெயில வதக்கி, தேங்காப்பால் ஊத்தி இறக்கிக் குடுத்தேன் லா. பச்சக் கேரட்டு ஆட்டுக்குல்ல போடுறது!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கரோட்டின் எண்ணெயில் கரையும் சரக்கு. கேரட்டின் நாருக்குள் அடைந்து கிடக்கும். வேகவைத்தால்தான் வெளியே வரும், கொழுப்பு கூட இருந்தால்தான் உடம்பில் ஏறும். பயிற்சியில் படித்ததுதான், பரீட்சையிலும் எழுதியதுதான். எங்கள் தாளில் 'சமைக்கும் முறை' என்ற கட்டத்தில் நானே என் கையால் 'பச்சையாகவோ வேகவைத்தோ' என்று எழுதியிருந்தேன். மறுநாள் அதைச் சொன்னபோது மிஸ்டர் தம்பையா எழுந்து நின்றுவிட்டார். "அந்த அம்மா எவ்வளவு தேங்காய்ப்பால் விட்டவ?" என்றார்.

அரைப் பால் டின். கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன்.

அன்றிலிருந்து முனியம்மாவின் முறைப்படியே சமைத்தேன். மூன்று வாரத்தில் என் கை மூன்றுக்கு வந்தது. பிறகு நான்கு. எங்கள் தெருவில் புதுக் குழப்பம் ஒன்று கிளம்பியது. சர்ச்சுக்குப் போகிற வேதக்கார மிஸ்ஸி எதற்காகக் கைக்கு மஞ்சள் பூசிக்கொண்டு திரிகிறாள், கோயில் பக்கம் சேர்ந்துவிட்டாளா என்று இரண்டு பேர் என் வீட்டுக்காரரையே கேட்டார்கள். "இல்ல, பழுத்துக்கிட்டு இருக்கா" என்றாராம் மனிதர். எனக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் ஜன்னலருகே போய்க் கையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். தன் கை மஞ்சளாகிறதென்று மகிழ்ந்த பெண்கள் அந்த ஆண்டு பேராக்கில் இரண்டே பேர்தான் இருந்திருப்போம், அதில் முதல் ஆள் வசந்தா.

பதினோராவது வாரம் வசந்தாவின் உள்ளங்கை அவள் அம்மாவின் உள்ளங்கையோடு ஒத்துப்போனது. அட்டையில் ஒன்று. நான் ஆறில் இருந்தேன். தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு எல்லோரும் காம்பார் போனோம். தனத்தக்கா எங்கள் இருவரின் கையையும் தன் மடியில் வைத்துக்கொண்டார். அட்டையைப் பார்க்கவில்லை. ஈரத் துணியால் என் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார், சாயம் போகிறதா என்று. போகவில்லை. வசந்தாவின் இமையைத் தானே இழுத்து விழியைப் பார்த்தார். பிறகு அவள் கையை விடாமல், "எங்க அக்காவுக்குக் கண்ணுதான் முதல்ல மஞ்சளாச்சு. இப்பத்தான் ஞாபகம் வருது" என்று சொல்லி அழுதார். வசந்தாவும் அழுதாள். நானும் அழுதேன். மிஸ்டர் தம்பையா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் தாள் முடிந்தது. சமைக்கும் முறை என்ற கட்டத்தில் 'வதக்கி, அரைப் பால் டின் தேங்காய்ப்பாலோடு' என்று நீலத்தில் எழுதினார். நான்காவது கட்டத்தில் கேள்விக்குறியை அழித்துவிட்டு ஓர் எண் போட்டார். அதன் பக்கத்தில், 'மிஞ்சினால் உடம்புக்கு ஆபத்தில்லை, ஆனால் கல்யாணம் தள்ளிப்போகும்' என்று எழுதலாமா என்று கேட்டேன். சிவப்பு முனையைத் திருப்பினார். நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன், எவ்வளவு வேண்டுமானாலும் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை.

கார்த்திகையில் காம்பாரில் கல்யாணம். நான் கேரட்டை நிறுத்தி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, கை இன்னும் பளபளவென்று மஞ்சளாகவே இருந்தது. பந்தியில் மிஸ்டர் தம்பையாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. தனத்தக்கா தாமே பரிமாறினார். என் இலைக்கு வந்ததும் பூசணிக் கூட்டுக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸி, எவ்வளவு வைக்கட்டும்?" என்றார். பந்தியே சிரித்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வசந்தா மாலையோடு எங்களைத் தேடி வந்தாள். என் இடது கையைப் பிடித்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அழகான, கறுத்த, அவளுடைய கை.

"என் கலர் வந்துருச்சு மிஸ்ஸி" என்றாள். "உங்களுது எப்ப வரும்?"

நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும் முன்பே பக்கத்து இலையிலிருந்து, தலை நிமிராமல், குரல் வந்தது.

"இன்னும் எட்டுக் கிழமை."